பன்னிரண்டு தீவுகளுக்கு மாதம் ஐம்பது வெள்ளி

பாடாங் செராயில்
நாலு நம்பர் கடைக்கு மேல்மாடி என் ஏஜென்சி.
விற்பது மேடான், காசி, உம்ரா,
பள்ளி விடுமுறைக்கு லங்காவி.
சுவரில் ஒரு கிரேக்கத் தீவு மட்டும்
யாரும் விலை கேட்காமல் தொங்குகிறது.
வெள்ளை வீடு, நீலக் கூரை.
மேலே ஏர்கான் ஒழுகுவதால்
அதன் கடல் நிஜமாகவே ஈரம்.

மரகதவல்லி வந்தது ஒரு சம்பள நாளில்,
கிளவ் ஃபேக்டரிச் சட்டையோடு.
அவள் வேலை தண்ணீர் ஊற்றுவது.
கிளவ் ஒன்றுக்கு ஒரு லிட்டர்,
இரண்டு நிமிடம் தொங்கவிட்டுக்
கசிகிறதா பார்க்க வேண்டும்.
எட்டு மணி நேரமும்
ஐந்து விரல் உள்ள தண்ணீரையே பார்ப்பவள்
சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு
"இது வேணாம். காலிம்னோஸ்" என்றாள்.

மனப்பாடத்தை அவிழ்த்தேன்:
பொன்மணல், அந்திச் சூரியன், சுட்ட கணவாய்...
"அங்க பாறைதான் அதிகம் அண்ணே.
மண்ணு சோறு போடலன்னுதான்
கடலுக்குள்ள போனாங்க."

கடற்பஞ்சு எடுக்க.
ஈஸ்டர் முடிந்ததும் படகேறி
ஆப்பிரிக்கக் கரைவரை.
முதலில் தட்டைக் கல்லைக் கட்டிக்கொண்டு
ஒரே மூச்சில் இறங்கினார்கள்.
பிறகு வந்தது பித்தளைத் தலை,
ரப்பர் பூசிய உடை, மேலிருந்து காற்று தரும் குழாய்.
பக்கத்துச் சீமித் தீவில் ஒருவரும் நம்பவில்லையாம்;
கொண்டுவந்தவன் மனைவி, பிள்ளைத்தாச்சி,
மாட்டிக்கொண்டு இறங்கிக் காட்டினாளாம்.
அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள்.
ஆழம் கூடியது, பஞ்சு கூடியது,
ஏறும் அவசரத்தில் இரத்தத்தில் குமிழி.
திரும்பி வந்த எத்தனையோ பேருக்குக்
கால் இருந்தும் இல்லை.

அவர்களுக்கென்று ஓர் ஆட்டம் உண்டு.
முன்னால் ஆடுபவன் கோலூன்றி நடுங்குவான்,
வரிசை அவன் கால் போகும் வேகத்துக்கே போகும்.
என் மேசைக்கும் ஃபைல் அலமாரிக்கும் நடுவில்
அவள் நடுங்கிக் காட்டினாள்.
கீழே எவனோ முதல் பரிசு எண்ணைக் கத்தினான்.

எனக்கும் கொஞ்சம் தெரியும், விடுவேனா.
சிலுவைப் போர் வீரர், துருக்கியர்,
இத்தாலியர், ஜெர்மானியர்,
இரண்டு வருடம் போல வெள்ளைக்காரன்,
நாற்பத்தெட்டில்தான் கிரேக்கம்.
"கொடி மாத்துனதுல நம்ம ஊரு மாதிரியே" என்றேன்.
"இத்தாலிக்காரனுக்கு எரியட்டும்னு
வீட்டுக்கு நீலமும் வெள்ளையும் அடிச்சாங்களாம்.
நாம என்ன அடிச்சோம்?"
லயத்துச் சுவருக்குத்
துரை அனுப்பிய சுண்ணாம்பைத்தான் அடித்தோம்.
சொல்லவில்லை.

எழுந்து போகையில்தான் கேட்டாள்:
"அந்தக் குழாய் எந்த ஊரு ரப்பரு?"

முதல் குழாய்கள் நம்முடையவை அல்ல.
அப்போது இங்கே ஒரு கித்தா மரம்கூட இல்லை.
ஆனால் பிந்தியவை?
கப்பலேறிய ஷீட்டில் யார் பெயர் எழுதினார்கள்?
ஏதோ ஒரு தோட்டத்தில், எத்தனையோ நிரையில்,
விடியுமுன் மங்கில் சொட்டிய பால்
சக்கெல்லாரிஸ் என்று ஒருவனுக்கு
இருபது பாகம் ஆழத்தில்
மூச்சாகப் போயிருக்கலாம்.
போகாமலும் இருந்திருக்கலாம்.
"ஓட்டை இருக்கான்னு
யாரு தண்ணி ஊத்திப் பாத்தா?"
இது அவள் கேள்வி. எனக்கு வந்திருக்காது.

கணக்குப் போட்டேன்:
பாயான் லெப்பாஸ், தோஹா, ஏதென்ஸ், கோஸ்,
அங்கிருந்து அரை மணிப் படகு.
ஒன்பதாயிரத்து இருநூறு.
மாதம் ஐம்பது என்றாள்.
பதினைந்து வருடத்துக்குமேல் ஆகும் என்றேன்.
"டிக்கெட் விலை ஏறுமா?"
ஏறும்.
"சரி, ரசீது எழுதுங்க."
நான் 'காளிம்னாஸ்' என்று எழுதியதை
அவளே அடித்துத் திருத்தினாள்.

மேசையில் விட்டுப்போனது ஒரு ரிஜெக்ட் கிளவ்.
ஏர்கானுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டேன்.
மாலைக்குள் நாலு விரல் நிரம்பிற்று.
சுண்டுவிரல் நிரம்பவே இல்லை, ஓட்டை அங்கேதான்.
இருந்தாலும் சுவரில் கடல்
ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருக்கிறது.