கொள்கலனின் வால்

கேமரன் மலைக்கு ஏறும் சாலை
என் கடையைத் தாண்டித்தான் வளைகிறது.
மேலே ஸ்ட்ராபெரி பழுக்கிறது.
எனக்கு வருவதோ எகிப்திலிருந்து,
கிள்ளானில் இறங்கி,
பத்துக் கிலோ பெட்டிகளில்
கூழாங்கல்லாய்.

முழுக் கொள்கலன் எடுத்தால்தான் விலை படியும்.
தாப்பாவில் யார் தின்பது அத்தனை டன்?
ஈப்போ மொத்த வியாபாரி
வால் பக்கம் கொஞ்சம் எனக்கு விட்டார்:
நாற்பது பெட்டி.

கேக் சுடும் காக் ரொஹானாவுக்கு மாதம் இரண்டு.
பாசார் மாலாமில் ஜூஸ் கலக்கும் இளவேந்தனுக்கு ஒன்று,
அதுவும் கடன்.
மிச்சமெல்லாம்
என் மின்கட்டணத்தைத் தின்றுவிட்டுத் தூங்குகின்றன.
டாலர் ஏறும் நாளில்
என் முகமும் அதே நிறம்.

நேற்று காற்றுக்கு மரம் சாய்ந்து
மூன்றாம் கட்டை வரை கரண்டு இல்லை.
உறைபெட்டிக்குக் கம்பளி போர்த்தினேன்,
குளிர் வெளியே போய்விடாதிருக்க.
நான்கு மணி நேரம்
மூடியைத் திறக்காமல்
அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று மதியம்
மலையிலிருந்து இறங்கிய காடி ஒன்று நின்றது.
வாங்கிவந்த பழம் வெயிலில் கசிகிறதாம்,
“ஐஸ் இருக்கா அக்கா?”

பை இரண்டு வெள்ளி என்றேன்.
மூன்று பை எடுத்தார்கள்.

ஸ்ட்ராபெரியில்
இந்த மாதம் நான் பார்த்த லாபம்
அதுதான்.