பக்கம் நாற்பத்தேழு

போர்த்தோ அலெக்ரியில் ஜூலைக் குளிர்.
ஜுஸ்ஸாராவின் மேசையில்
வீடியோ பிடிக்கும் கார்டு ஒன்று,
அதற்குக் கையேடு, முக்கால்வாசி.
நாற்பத்தாறில் கடிகாரத் துடிப்பு,
நாற்பத்தெட்டில் உத்தரவாத விதிகள்,
இடையே ஒற்றை வரி:
"ஒதுக்கப்பட்டது. எதுவும் எழுதாதீர்."
பிரேசிலின் வண்ணமுறை பற்றி மூச்சே இல்லை.

கம்பெனிக்கு மூன்று மடல் போட்டாள்.
வந்தது
போன வருடத்துப் புத்தாண்டு வாழ்த்து.

கீழ்வாசல் கேமராவில்
இரவுக் காவலாளி ஒதாசீர்
மூன்று நாளாய்க் கண்ணபிரான் நிறம்.

எழுதாதே என்ற இடத்தில் எழுதினாள்.
ஒன்று போட்டாள்: ஒதாசீர் இரண்டானார்.
நான்கு: தலைகீழாய் நின்று மாத்தே உறிஞ்சினார்.
பதினாறு: கணினி செத்தது,
சேமிக்காத நாற்பது வரிகளோடு.
திட்டினாள், யாரை என்று தெரியாமல்.

விடியும்போது இருபது.
மூக்கு சிவந்த ஒரு மனிதர்
திரையில் கொட்டாவி விட்டார்.
நம்பாமல் படியிறங்கிப் போய்ப் பார்த்தாள்.
சிவப்புதான். சளி வேறு.

மேலே வந்து
அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பெழுதினாள்:
"ஏன் இருபது? தெரியாது.
மாற்றாதீர்கள்,
ஒதாசீர் நீலமாகிவிடுவார்."