சுமைக் கட்டணம்

விசிட்டிங் கார்டில் இடம் போதவில்லை.
'வலசை மீன் பாதுகாப்புச் சிறப்பு ஆலோச'
என்று ஒரு வரி முடிந்து
'கர்' அடுத்த வரியில் தனியே நிற்கிறது.
மதுரையில் இதை நீட்டினால்
முதலில் கார்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்,
பிறகு ஜன்னல் வழியே வைகையை.

தல்லாகுளம் அலுவலகத்தில்
செயற்பொறியாளர் குருபாதம் நல்ல மனிதர்.
மதகணைகளுக்கு மீன்வழி வேண்டுமென்ற
என் நாற்பத்தொரு பக்கத்தை
உண்மையிலேயே படித்திருந்தார்.
"அழகர் இறங்கத் தண்ணி விடுறோம், அதுக்கு ஆர்டர் இருக்கு.
உங்க மீனு என்னைக்கு இறங்கும்?
தேதி சொல்லுங்க, ஃபைல் போடுறேன்."

தேதி.
ஐப்பசியில், நிலா இல்லாத ராத்திரியில்,
வெள்ளம் கலங்கி வரும்போது என்றேன்.
'வெள்ளம் வந்தால்' என்று குறித்துக்கொண்டார்,
பென்சிலில்.

விவசாயிகள் கூட்டத்தில் ஒரு பேச்சு,
துறைக் கூட்டத்தில் வேறு பேச்சு.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் என்பார்களே,
அந்த விலாங்கின் பேரில்தான்
எனக்கு நாள் சம்பளம்.
அதன் மேல் விழுந்த பழி அதற்குத் தெரியாது.
மூன்று மாதம் டார்ச்சோடு அலைந்தும்
நான் ஒன்றையும் பார்த்ததில்லை.

புரட்டாசிக் கடைசியில் திருப்புவனத்திலிருந்து போன்.
மோட்டார் மெக்கானிக் மொக்கச்சாமி.
"கிணத்துல ஃபுட்வால்வு அடைச்சிருக்குன்னு தூக்குனேன்.
சாரைன்னு அடிக்கப் போயிட்டேன். பார்த்தா செவுள் இருக்கு.
நீங்கதான மீனுக்கு நோட்டீஸ் ஒட்டுனவுக?"

பெயிண்ட் வாளியில் மூன்று சுற்றாகக் கிடந்தது.
முதுகு பாசி நிறம்.
வயிறு வெள்ளிபோல வெளுக்கத் தொடங்கியிருந்தது.
கண் பெரிதாகியிருந்தது.
கடலுக்குக் கிளம்பும் வயதில் அப்படித்தான் ஆகும்.
முப்பதடிக் கிணற்றில்,
கூட இன்னொன்று இல்லாத தண்ணீரில்,
யார் போய்ச் சொன்னது, கிளம்பு என்று?

கிணற்றுக்காரம்மா செவந்தி கணக்குச் சொன்னார்:
"கரை உடைஞ்சு ஆறு காட்டுக்குள்ள வந்த வருசம்
எங்க சின்னவன் ஒண்ணாப்பு.
இப்ப காலேஜு."

பன்னிரண்டு வருடம்.
அதற்கும் முன்னால், எந்த மழையிலோ,
விரல் நீள நூலாக உப்புத் தண்ணீரிலிருந்து வந்து
பார்த்திபனூர் மதகணையில்
பாசி பிடித்த ஈரச் சிமெண்டை வயிற்றால் பற்றி
இது ஏறியிருக்கிறது,
எந்த மீனும் ஏற முடியாது என்று
பதினெட்டாம் பக்கத்தில்
நான் எழுதிக்கொடுத்த சுவரை.

ஆலோசகர் ஆலோசனை சொல்ல வேண்டும்.
ஒப்பந்தத்தில் வாளி கிடையாது.
ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

"என்னம்மா அதுல?"
மீன் என்றேன். கண்டக்டர் துணியை விலக்கினார்.
"பாம்புல்ல இருக்கு."
வாளிக்குள் தண்ணீர் ஒருமுறை சுழன்றது.
"சரி, எதுவா இருந்தாலும் லக்கேஜு."

மானாமதுரை, பரமக்குடி.
வலப்பக்கம் இடப்பக்கம் மாறி மாறி
மணலாகவே ஆறு கூட வந்தது.
அது என் முழங்காலை முட்டிக்கொண்டே இருந்தது,
பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து,
கிழக்கே திரும்பும் ஒவ்வொரு வளைவிலும்
கொஞ்சம் பலமாக.
அல்லது டிரைவர் பிரேக் போட்டிருப்பார்.
இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது.

ஆற்றங்கரை முகத்துவாரத்தில் இருட்டிவிட்டது.
சொல்ல அதிகமில்லை. சாய்த்தேன், போய்விட்டது.
கடைசியாகத் தெரிந்தது தலையா வாலா,
பார்க்க முடியவில்லை.

பதினெட்டாம் பக்கத்தைத் திருத்திவிட்டேன்.
லக்கேஜ் சீட்டை இணைப்பு ஏழாக ஒட்டியிருக்கிறேன்.
'இடம்பெயர்ந்த வழி' என்ற கட்டத்தில்
'அரசுப் பேருந்து' என்று எழுதினேன்,
பென்சிலில்.