கடைசி இலக்கம்

ச்சியெர்னா நாட் டிசோவில்
தண்டவாளத்துக்கு இரண்டு அகலம்.
கிழக்கிலிருந்து வருவது எட்டரை சென்டிமீட்டர் தாராளம்,
மேற்கே போவது கொஞ்சம் கறார்.
நடுவில் ஒரு தகரக் கூண்டு, ஹீட்டர், பேரேடு, நான்.

வாவ்ரினெட்ஸ் ரேடியோவில் வேகன் எண்ணைச் சொல்வான்.
எட்டு இலக்கம். முதல் ஏழும் வண்டியின் பெயர்,
எட்டாவது காவல்காரன்.
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டி,
பத்தை எட்டினால் உடைத்துக் கூட்டு,
எல்லாம் சேர்ந்து பூச்சியத்தில் முடிய வேண்டும்.
முடியாவிட்டால் "மறுபடி பார்" என்பேன்.
ஹங்கேரிய மொழியில் திட்டுவான்,
எனக்குப் புரியும் என்று தெரிந்தே.

வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் நேரம் சும்மா கிடக்கும்.
அப்போது எண்களைப் பிரித்துப் போடுவேன்:
ஓர் எண்ணின் வகுத்திகளை, அதை மட்டும் விட்டுவிட்டு,
கூட்டிப் பார்ப்பது.
தன்னை எட்டாவிட்டால் குறைவெண்.
தாண்டினால் மிகையெண், பேரேட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி.
நாலில் ஒன்று மிகை. மற்றதெல்லாம் குறை.
சமமாக வந்தால் என்ன குறி வைப்பதென்று
யோசித்ததே இல்லை.

ஜனவரி பதினொன்று, மைனஸ் பத்தொன்பது.
"மூன்று மூன்று ஐந்து ஐந்து
பூச்சியம் மூன்று மூன்று.
கடைசி மேல் பனி, தெரியவில்லை."

ஆறு, மூன்று, ஒன்று, ஐந்து, பூச்சியம், மூன்று, ஆறு.
இருபத்து நான்கு. முப்பதுக்கு ஆறு போதவில்லை.
"ஆறாகத்தான் இருக்கும். சுரண்டு."
சாவிக்கொத்து இரும்பில் உரசியது.
"ஆறுதான், சூனியக்காரி."

பாதியாக்கினேன். அதையும் பாதி.
பன்னிரண்டு முறை வழிவிட்டது,
பிறகு கதவைச் சாத்திக்கொண்டது:
எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று.
மூன்றால், ஏழால், பதின்மூன்றால்,
எண்பத்தொன்பது வரை தட்டினேன். திறக்கவில்லை.
பகா எண்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு வரை கூட்டினால்
மறுபடி அதே எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று
கண்ணாடியில் பார்த்ததுபோல.
பென்சில் முனை ஒடிந்தது. வேறு எடுத்தேன்.

இருபத்தைந்து வகுத்திகள்.
மொத்தம் 33550336.

நிறைவெண்.
எட்டு இலக்கத்தில் வேறு கிடையாது.
இதற்கு முந்தையது நாலே இலக்கம்,
அடுத்தது பத்து, எந்த வேகனும் தாங்காது.

சொல்லிவிடலாம் என்று ரேடியோவை எடுத்தேன்.
அவன் முந்திக்கொண்டான்.
"எமோக்கே, எடைமேடை இரண்டு டன் மிகை காட்டுகிறது.
இடது பின்சக்கரத்தில் விரல்நீள விரிசல்.
வழியெல்லாம் தாது கொட்டியிருக்கிறது."

நிறைகுடம் தளும்பாதாம்.

'நிறை' என்ற கட்டத்தில் அதிகம் என்று எழுதினேன்.
'நிலை' என்ற கட்டத்தில் பழுது.
'செல்லுமிடம்': பட்டறை, மூன்றாம் தடம்.
ஓரத்துக்கு வந்த பென்சில் அங்கேயே நின்றது.

அவன் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.
"ஆறு, ஒன்று, நான்கு..."
"இரு" என்றேன்.
பதினாறு வருடத்தில் முதல் முறை.

அந்தக் குளிரில்
ஏன் என்றுகூடக் கேட்காமல்
இருந்தான்.