பத்தொன்பது வீதம்

ஐஸ் உடைக்கிற பொடியன் அன்றைக்கு வரவில்லை.
"ஒரு கை குடு பிள்ளை" என்றார் சுப்பவைசர்.
குடுத்தேன்.

சுட்டுவிரலும் நடுவிரலும்.
கொட்பே துறைமுகத்தில் அன்று நல்ல இறால்,
லொறிகள் வாசல் வரைக்கும் நின்றன.
மெசினைக் கழுவி
பின்னேரமே ஓடவிட்டார்களாம்.
ஜெசீமா சொன்னாள்.

தொழில் அலுவலகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது.
மனுசரை மூட்டு மூட்டாக எழுதி
எதிரே எண் போட்டிருக்கிறார்கள்.
இறைச்சிக்கடை விலைப்பலகையைப் பார்க்கிற மாதிரி
நானும் எட்டிப் பார்த்தேன்.
இந்த இரண்டு விரலுக்கும்
உழைக்கும் திறனில் பத்தொன்பது வீத இழப்பு.
மிச்சம் எண்பத்தொன்று
என்னிடம் பத்திரமாக இருக்கிறதாம்.

ஐயா, இறால் உரிக்கிறதைப் பார்த்திருக்கிறீங்களா?
பெருவிரல் தலையைத் திருகும்,
சுட்டுவிரல் ஓட்டை நெம்பும்,
நடுவிரல் தாங்கிப் பிடிக்க
கறுப்பு நரம்பு ஒரே இழுவையில் வரும்.
மோதிரவிரலும் சின்னவிரலும்
கலியாணவீட்டுக்குக் கூட வந்த ஆட்கள், சும்மா நிற்பார்கள்.
இப்ப அவர்களை நம்பித்தான் என் எண்பத்தொன்று.

முந்தி நாளைக்கு முப்பத்தெட்டுக் கிலோ.
போன மாதம் போய் உரித்துப் பார்த்தேன்,
ஒன்பது.
கிலோவுக்கு நாற்பத்தைந்து ரூபா.
பத்தாம் வகுப்பு வரைக்கும் கணக்குப் படித்தவள் நான்,
எப்படிக் கழித்தாலும் பத்தொன்பது வரவில்லை.

முப்பத்தெட்டுக்கு என்ன அத்தாட்சி என்றார் கொம்பனி வக்கீல்.
சம்பளச் சீட்டு இல்லை. நாட்கூலி.
என்வலப்பில் பேர்கூட இராது.
சராசரி இருபது கிலோ என்றது அவர்களுடைய கடிதம்.
தவணை வைத்தார்கள்.
பிறகு இன்னொரு தவணை.
உட்துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது
மான் ஒன்று வந்து பையை முகர்ந்து
விண்ணப்பத்தின் போட்டோக்கொப்பியில்
ஒரு மூலையைத் தின்றது.
பேசாமல் விட்டேன்.
யாருக்காவது பிரயோசனப்பட்டதே.

மூன்றாம் தவணைக்கு
கிண்ணியாப் பாலம் தாண்டி ஜெசீமா வந்தாள்.
மகளுடைய பழைய கொப்பி.
முன்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு,
பின்பக்கம் நாங்கள் எல்லாரும்.
நிறுக்கிறவன் களவெடுப்பான் என்று
நாலு வருசமாக ஆளுக்காள் கிலோ எழுதி வைத்திருந்தாள்,
எங்களுக்கே தெரியாமல்.
மெற்றில்டா என்று எழுத அவளுக்குப் பஞ்சி.
என் ஊரைப் போட்டிருந்தாள்.
பாலையூற்று 37. பாலையூற்று 40.
பாலையூற்று காய்ச்சல்.
பாலையூற்று 38.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி முதல் பக்கத்திலிருந்து பிரட்டினார்.

வீதம் அசையவில்லை.
பெருக்குகிற சம்பளம் மட்டும் மாறியது,
தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.
அடுத்த திங்கள் ஜெசீமாவைக் கேற்றில் வைத்தே திருப்பிவிட்டார்கள்.
அவளுக்குப் பத்து விரலும் இருக்கிறது.
அட்டவணையில் பார்த்தேன்,
அவளுக்கு வரி இல்லை.

காசு கணக்கில் விழுந்தது. எடுக்கப் போனேன்.
கையெழுத்துப் பொருந்தவில்லை என்றாள் கவுண்டர் பிள்ளை.
கைதான் பொருந்தவில்லை தங்கச்சி.
"பெருவிரல் இருக்குத்தானே அக்கா,
மை தொட்டு வையுங்களேன்."
இருக்கு.
வைக்க மாட்டேன்.

புது மாதிரிக் கையெழுத்துக்கு அட்டை தந்தாள்.
இடக்கையால் எழுதினேன்.
மெ-யின் கொம்பு பெட்டிக்கு வெளியே போனது.
மூன்று இடத்தில் ஒரே மாதிரி வேணுமாம்.
மூன்றும் மூன்று பொம்பிளைகள்.
இன்னொரு அட்டை கேட்டேன்.
பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.
ஜெசீமாவுக்கு நான் எவ்வளவு என்று
உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது,
எதால் பெருக்குவது என்று தெரியாமல்.