அறுபத்தொரு அங்குலம்

மர்சூக் நானா மெல்பேர்ண் போகும்போது
எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது அது.
"அறுபத்தொரு அங்குலம் தங்கச்சி,
ஒங்கட ஊட்டுக்குள்ள தியேட்டரே வந்த மாதிரி."
அது நின்ற இடத்தில் மட்டும்
தரை ஓடு வேறு நிறமாய் இருந்ததைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

லிஃப்டுக்குள் அடங்கவில்லை.
படிக்கட்டின் இரண்டாம் வளைவில் சிக்கியது.
மெத்தை சுற்றி, கயிறு கட்டி,
மூன்றாம் மாடிப் பல்கனியால் இழுத்தார்கள்.
கீழ்வீட்டு ஞானமலர் மிஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்து
"பெட்டி ஏறுதோ, இறங்குதோ?" என்று கேட்டா.

முன்பக்கத்தில் வெள்ளி எழுத்து: உயர் தெளிவு.
வெள்ளவத்தையில் எங்களுக்கு வந்ததோ
அன்ரனாவில் காகம் குந்தினால்
பாதியாய்ப் போகிற எட்டு மணிச் செய்தி.
பழைய ரீவீயில் எள்ளாக இருந்த புள்ளி
இதில் பருப்பு வடை.

நேரே இருந்தால் பகல்.
ஒரு முழம் விலகினால் அந்தி.
எழுந்து நின்றால் இரவு.
நடுக் கதிரை கிருபாகரனுக்கு;
அவர் காலடியில் மகன்.
குக்கர் விசிலை எண்ண வேண்டியவள் நான்,
குசினி வாசலோரம் என் ஸ்டூல்.
ஐந்து வருஷம்
எல்லாக் கல்யாணத்தையும் எல்லாக் கொலையையும்
அந்தியில்தான் பார்த்தேன்.

பிறகு நிறங்கள் பிரியத் தொடங்கின.
உப்புக் காற்று என்றான் திருத்த வந்த ஹிஷாம்.
சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.
அமைச்சருக்கு மூன்று மூக்கு.
ஞாயிறு காலைகளில் கிருபாகரன்
திரையில் கட்டம் வரவழைத்து
ரிமோட்டால் பச்சைக் கோட்டின் மேல்
சிவப்பை நகர்த்தி நகர்த்தி ஏற்றுவார்.
மூச்சு விடக்கூடாது.
பொருந்தி வரும் நேரம் பார்த்து
பின்னால் மாத்தறை ரயில் போகும்.
வீடு அதிரும்.
"நீ கதவைச் சாத்தினியா?" என்பார் என்னை.

இறுதி ஆட்டத்தன்று இருபத்து மூன்று பேர்.
மிஸ்ஸும் வந்தா, கட்லட்டுடன்.
இரண்டு பக்கமும் நீலச் சட்டை.
இருபதாவது ஓவரில் உள்ளே ஏதோ "டிக்" என்றது,
நீலம் செத்தது.
வானம் மஞ்சள்,
ஓடியவர்கள் எல்லோரும் கறுப்பு.
எவர் அடித்தார், எவர் பிடித்தார்,
சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.
அறைக்குள் யார் எதற்குக் கை தட்டினார்கள் என்று
அன்று ஒருவரும் ஒருவரைக் கவனிக்கவில்லை.
நல்லதாய்ப் போயிற்று.

வெளியே எடுக்க வழியில்லை.
அது வந்த பிறகுதான் பல்கனிக்குக் கிறில் போட்டோம்.
கழற்றினார்.
உள்ளே பெரிதாய் ஒன்றுமே இல்லை.
மூன்று குழாய், ஒரு சாய்ந்த கண்ணாடி,
காய்ந்த பல்லி,
மற்றதெல்லாம் இருட்டு.
இதற்கா இருபது மாதம் கடன் கட்டினோம் என்று
கேட்க வாயெடுத்தேன்.
தூசி படிந்த முழங்கையோடு
அவர் அதற்குள் தலையை விட்டபடி இருந்தார்.
கேட்கவில்லை.

கண்ணாடியை மிஸ்ஸின் பெறாமகள்
சலூனுக்கு வாங்கிப் போனாள்.
திரையை மட்டும் பல்கனியில் சாத்தி வைத்தோம்,
வட்ட வட்டமாய் நுண்கோடு ஓடிய தடித்த பிளாஸ்டிக்.

மூன்று மணி.
கடல் பக்கத்து வெயில் அதற்குள் நுழைந்தது.
நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.
றப்பர் தீயும் மணம்.
ஓடிப்போய்ப் பார்த்தால்
கிருபாகரனின் பாட்டா செருப்பில்
ஒரு ரூபாக் காசளவு ஓட்டை, புகை,
அதற்குள் பார்க்க முடியாத வெள்ளை.
மங்கல், மங்கல் என்று
அவ்வளவு காலம் ஏசினோமே
அந்தத் திரை.

மகன் ஒரு கச்சானை வைத்துப் பார்த்தான்.
வறுபட்டது.
இன்னொன்று வைத்தான்.
அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், என் ஸ்டூலை.
நானும் சுவரில் சாய்ந்து பார்த்தேன்.
எங்கிருந்து பார்த்தாலும் ஒரே வெளிச்சம்.

சனிக்கிழமை பழைய சாமான்காரன்
படுக்கை விரிப்பை விலக்கிப் பார்த்தான்.
"இதுல படம் வருமா அம்மா?"
வராது என்றேன்.
வெயில் வரும்.