இருபத்தைந்தில் விடும் கை

கடையில் பதினொரு சைக்கிள்கள் நின்றன.
ஒன்றையும் காட்டவில்லை இட்சியார்.
எண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்தபடி
"எங்கே இறங்குவாய்?" என்றாள்.

எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பாள் என
பையில் கை வைத்திருந்தேன்.

"எங்கே இறங்கித் தள்ளுவாய், சொல்.
இங்கு வரும் ஆண்கள்
எங்கேயும் இறங்கியதில்லை என்பார்கள்.
பிறகு
இருப்பதிலேயே பெரிய மோட்டாரை வாங்கிப் போவார்கள்."

நான் இறங்குவதில்லை. பின்தங்குவேன்.
அது வேறு.

சனிக்கிழமை எட்டே காலுக்கு
அஸ்பெய்த்தியா சந்தைக்குப் பின்னால் ஐந்து பேர் சேர்வோம்.
உரோலா ஆற்றோரம் சமதரையில்
மணிக்கு முப்பது கிலோமீட்டர், ஓயாத பேச்சு.
வாரமெல்லாம் பட்டறையில்
யார் யாருக்கோ பொய்ப்பல் தேய்ப்பவள் நான்.
வாய் திறப்பது
அந்த முப்பதில்தான்.

ஒட்சாரி ஏற்றத்தின் அடியில்
ஆப்பிள் மது வடிக்கும் ஒரு வீடு,
வேலியோரம் ஒரு வெள்ளைக் குதிரை.
குதிரையைத் தாண்டினால் நால்வரின் முதுகுகள்.
அப்புறம்
முதுகுகள் இருந்த இடத்தில் தூறல்.

உச்சியை நான் எட்டும்போது
பழம் தின்று முடித்துக்
கையுறை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.
"வந்துட்டியா நெகானே? சரி, கிளம்பலாம்."
காத்திருந்தவர்களுக்கு எட்டு நிமிட ஓய்வு.
காக்க வைத்தவளுக்கு ஒன்றுமில்லை.
ஏழு வருடமாய் நடந்த கணக்கு இது.
அவர்களுக்குத் தெரியாது.
இட்சியாரிடம் சொல்லி முடிக்கும்வரை
எனக்கும் தெரியாது.

அவள் உள்ளே போய் இரண்டை உருட்டி வந்தாள்.

ஒன்று பதினேழு கிலோ.
பெடல்களுக்கு நடுவே பருத்த மோட்டார்.
மலையைக் கண்டால் பாயும்.
"ஆனால் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்
எல்லா மோட்டாரும் கையை விட்டுவிடும், சட்டம் அப்படி.
அதற்கு மேலே உன் கால்தான்,
தூங்குகிற இரும்பையும் சேர்த்து இழுக்கும்.
இதைச் சுமந்துகொண்டா
ஆற்றோரம் கதை பேசுவாய்?"

மற்றது பன்னிரண்டு கிலோ.
பின்சக்கரத்தின் நடுவே
பெரிய வெங்காயம் அளவுக்கு ஏதோ ஒன்று.
பேட்டரி குழாய்க்குள் ஒளிந்திருந்தது.
"இது உன்னைத் தூக்காது.
முதுகில் ஒரு உள்ளங்கை, அவ்வளவுதான்.
உனக்கு வேண்டியது எட்டு நிமிடம்.
எட்டு நிமிடத்துக்கு மட்டும் வாங்கு."

விரலுக்குத் தக்க வீக்கம்.
சரி,
ஆனால் விரலை யாராவது
பிடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்துச் சரிவில் ஓட்டிப் பார்த்தேன்.
பொத்தானை அழுத்தியதும்
யாரோ தொட்டதுபோலத் திரும்பிப் பார்த்தேன்.
ஈரச் சாலை. யாருமில்லை.
குளியலறைக்கு ஓடு பதிக்க வைத்திருந்த பணம்
அன்று மாலையே போயிற்று.
பழைய ஓடுகளுக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை
பின்சக்கரத்தை உற்றுப் பார்த்துவிட்டு
"ஏமாற்று" என்றான் கோர்கா, பாதிச் சிரிப்போடு.
"ஆமாம்" என்றேன்.

ஆற்றோரம் அணைத்தே வைத்திருந்தேன்.
ஏற்றத்தில் ஒரே ஒரு பச்சை விளக்கு.
குதிரையைத் தாண்டியும்
முதுகுகள் முதுகுகளாகவே இருந்தன.
கோர்காவின் சட்டையில்
யாரோ வேறு நிற நூலில் தைத்த கிழிசல்கூடத் தெரிந்தது.
மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது,
அதையெல்லாம் மோட்டார் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக மேலே சேர்ந்தேன்.

அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது.
ஏழு வருடமாய் இருந்திருக்கிறது.

வாழைப்பழத்தை உரித்தேன்.
வியர்வை ஆறுவதற்கு
இத்தனை நேரம் பிடிக்கும் என்று தெரியாது.

கடைசியாகக் கொல்தோ வந்தான்.
முகம் சாம்பல், தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்ட.
எனக்கு முன்னால் எப்போதும் நாலாவதாக வருபவன்.
அவன் கால் தரையில் படுவதற்குள்
மற்ற இருவரும் கையுறை மாட்டினார்கள்.
"சரி, கிளம்பலாம்."

வாயில் பாதிப் பழம்.
நான் எழவில்லை.
பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து
பக்கத்து ஈரத்தைக் கையுறையால் துடைத்தேன்.